62.5 கேவிஏ ஜென்செட்டில் நிஜமாக எத்தனை ஆம்ப்ஸ் எடுக்கலாம்? – களத்தில் பார்த்தவை (தொழில்காரர்கள் பேசிக்கொண்டது)

மண்டப வயரிங்:
மூன்று பேஸ் செட் என்றால் கேவிஏவை (ஜென்செட்டின் கொள்ளளவு எண்) 1000-ஆல் பெருக்கி, 1.732 × 415 வோல்ட்டால் வகுக்கணும். 62.5-க்கு 87 ஆம்ப்ஸ் வரும். சைட்டில் இவ்வளவு கணக்குப் போட நேரமில்லை என்றால் கேவிஏ × 1.39 போதும். இந்த 87 ஒவ்வொரு பேஸுக்குமான எல்லை. மூன்றையும் கூட்டி 261 இருக்கிறதே என்று ஏசி மொத்தத்தையும் ஆர் பேஸில் (மூன்று பேஸ்களின் பெயர் ஆர், ஒய், பி) மாட்டுவதுதான் கல்யாண மண்டபங்களில் நடக்கும் கூத்து. ஆரில் 110, ஒய்யில் 35, பியில் 30 ஓடினால் மொத்த லோடு மூன்றில் இரண்டு பங்குதான். ஆனாலும் ஆர் வைண்டிங் (கம்பிச் சுற்று) வெந்துகொண்டிருக்கும், லோடு குறைந்த பேஸ்களில் வோல்டேஜ் ஏறியிருக்கும். கிளாம்ப் மீட்டரை (கம்பியைக் கவ்வி ஆம்ப்ஸ் காட்டுவது) மூன்று பேஸிலும், நியூட்ரலிலும் போட்டுப் பாருங்கள்.

ஜென்செட் சர்வீஸ்:
வயரிங் அண்ணன் சொன்னது ஆல்டர்னேட்டரின் (செட்டில் கரண்ட் உண்டாக்கும் பகுதி) எல்லை. இன்ஜினுக்குத் தனி எல்லை உண்டு, அது கிலோவாட்டில். 0.8 பவர் ஃபேக்டரில் (கேவிஏவில் நிஜ வேலைக்குப் போகும் பங்கு) 62.5 கேவிஏ என்றால் இன்ஜின் தருவது 50 கிலோவாட். லோடு முழுக்க ஹீட்டர், கீசர் என்றால் பவர் ஃபேக்டர் 1. அப்போது 70 ஆம்ப்ஸிலேயே 50 கிலோவாட் முடிந்துவிடும். மீட்டர் 80 காட்டும், "இன்னும் 7 பாக்கி இருக்கே" என்பார்கள். அதற்குள் கரும்புகை வந்து, ஃபிரீக்வென்சி இறங்கத் தொடங்கியிருக்கும். எம்சிசிபி (ஆம்ப்ஸ் மிஞ்சினால் டிரிப் ஆகும் பிரேக்கர்) 100 ஆம்ப்ஸ் என்பதால் 100 எடுக்கலாம் என்றில்லை. அதன் தெர்மல் செட்டிங்கை (டிரிப் ஆகும் அளவு) 87-ஐத் தாண்டாமல் இறக்கி வையுங்கள். பிரைம் ரேட்டிங் (தினசரி ஓட்டத்துக்கானது) செட் 12 மணி நேரத்தில் 1 மணி நேரம் 10 சதவீதம் கூடுதலாகத் தாங்கும். ஸ்டாண்ட்பை ரேட்டிங்கில் (கரண்ட் போனால் மட்டும் ஓட்டுவது) அந்தச் சலுகை கிடையாது.

மோட்டார் ரீவைண்டிங்:
ஓடும் ஆம்ப்ஸை மட்டும் பார்த்து செட் வாங்குகிறவர்கள்தான் அதிகம். 10 எச்பி மோட்டார் ஓடும்போது 14 ஆம்ப்ஸ். டிஓஎல் ஸ்டார்ட்டரில் (முழு வோல்டேஜையும் நேராகக் கொடுப்பது) கிளம்பும்போது ஆறு மடங்கு, அதாவது 84. 25 கேவிஏ செட்டின் எல்லையே 35. வோல்டேஜ் சரிந்து காண்டாக்டர் (ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் காந்த சுவிட்ச்) படபடவென்று விழுந்து எழும், பாயிண்ட் தீய்ந்துபோகும். ஸ்டார் டெல்டா (முதலில் குறைந்த வோல்டேஜில் கிளப்பும் ஸ்டார்ட்டர்) போட்டால் 28-ல் கிளம்பும். ஆனால் டார்க்கும் (சுழற்றும் விசை) மூன்றில் ஒன்றாகிவிடும். பம்புக்குச் சரி, லோடோடு கிளம்பும் கம்ப்ரஸர் திணறும். எதுவானாலும் பெரிய மோட்டாரை முதலில் கிளப்பிவிட்டு மற்றதை ஏற்றுங்கள்.

ஜென்செட் சர்வீஸ்:
ஆமாம். கெபாசிட்டர் பேங்கையும் (பவர் ஃபேக்டரை உயர்த்த மாட்டும் கெபாசிட்டர்கள்) ஜென்செட் ஓடும்போது கட் செய்யணும். லோடு குறைவாக இருக்கையில் பவர் ஃபேக்டர் லீடிங்குக்குப் போனால் (கெபாசிட்டரின் பங்கு மிஞ்சினால்) வோல்டேஜ் ஏவிஆருக்கு (வோல்டேஜைச் சீராக வைக்கும் கருவி) அடங்காமல் ஏறும்.

ஊட்டிப் பக்கம்:
இங்கே உயரம் சுமார் 2,240 மீட்டர். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது) இல்லாத இன்ஜினுக்குத் தோராயமாக 100 மீட்டருக்கு 1 சதவீதம் சக்தி போகும். நேம் பிளேட்டில் 50 கிலோவாட் என்றிருந்தால் 39 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடை வைத்திருப்பவர்:
சின்ன போர்ட்டபிள் செட்டுக்கு?

மண்டப வயரிங்:
சிங்கிள் பேஸ்தானே, கேவிஏ × 1000 ÷ 230. அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் மேக்ஸிமத்தை விடுங்கள், ரேட்டட் எண்ணை எடுங்கள். 2.1 கேவிஏ என்றால் 9 ஆம்ப்ஸ்தான், சாக்கெட் 15 ஆம்ப்ஸாக இருந்தாலும்.