தேசப்பற்று இளைய தலைமுறைக்கு இன்னும் ஒரு பொருட்டா?

முத்துவேல்:

முப்பத்தோர் ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற சுதந்திர தினத்தன்று ஒரு பள்ளியின் கொடியேற்ற விழாவுக்கு அழைத்திருந்தார்கள். நாட்டுப்பண் ஒலித்தபோது மேல்நிலை வகுப்பு மாணவர்களின் வரிசையைக் கவனித்தேன். உதடு அசையாமல் நின்றவர்களே மிகுதி. ஒரு மாணவன் கால்சட்டைப் பையிலிருந்த கைப்பேசியைப் பாதி வெளியே இழுத்து, திரையைப் பார்த்துவிட்டு, மீண்டும் உள்ளே தள்ளினான். நாட்டுப்பண் பாடி முடிய ஐம்பத்திரண்டு நொடிகள்தாம் ஆகும். அவ்வளவு நேரம்கூட அவனால் பொறுத்திருக்க முடியவில்லையே என்ற எண்ணம் வீடு வந்து சேரும் வரை என்னை விடவில்லை.

இது நம் நாட்டில் மட்டும் காணும் நிலையன்று. அமெரிக்காவில் கேலப் நிறுவனம் 2025 ஜூனில் நடத்திய கருத்துக்கணிப்பில், தம் நாட்டைக் குறித்து மிகுந்த பெருமிதம் கொள்வதாகக் கூறியவர்கள் 58 விழுக்காட்டினர். 2001 முதல் அக்கேள்வியைக் கேட்டுவரும் அந்நிறுவனம் பதிவு செய்த மிகக் குறைந்த அளவு அதுவே. இளையவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அது பாதியைக்கூட எட்டவில்லை. சுவீடன் 2010இல் கட்டாய இராணுவப் பணியைக் கைவிட்டது. தாமாக முன்வருவோர் போதாமல் போனதால் 2017இல் அதை மீண்டும் கொண்டுவர முடிவெடுத்தது. நாட்டுக்காக எதையேனும் இழக்க வேண்டும் என்ற எண்ணமே இளைஞர்களிடம் வற்றிவருகிறது என்று அஞ்சுகிறேன். மறுப்பவர்கள் இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

யாழினி:

ஐயா, எனக்கு இருபத்து மூன்று வயது. நீங்கள் கவலைப்படும் தலைமுறையைச் சேர்ந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

1933 பிப்ரவரி 9 அன்று ஆக்ஸ்போர்டு மாணவர் மன்றத்தில், மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் எந்நிலையிலும் போரிட மாட்டோம் என்ற தீர்மானம் 275 வாக்குகளுக்கு 153 என்ற கணக்கில் நிறைவேறியது. சர்ச்சில் முதலானோர் அதை வெட்கக்கேடு என்று கண்டித்தார்கள். இளைஞர்களிடம் நாட்டுப்பற்று செத்துவிட்டது என்று அன்றும் பெரியவர்கள் வருந்தினார்கள். ஆறே ஆண்டுகளில் போர் வந்தது. 1940இல் பிரிட்டனின் வானைக் காத்து நின்ற விமானிகளில் பெரும்பாலோர் அதே தலைமுறையின் இளைஞர்கள்தாம். அமைதிக் காலத்தில் ஒருவர் சொல்லும் பதிலை வைத்து, நெருக்கடி வரும்போது அவர் என்ன செய்வார் என்று கணித்துவிட முடியாது.

நீங்கள் காட்டிய கருத்துக்கணிப்பு பெருமிதத்தை அளக்கிறது. பெருமிதமும் பற்றும் ஒன்றல்ல. தம்பி தேர்வில் காப்பியடித்துப் பிடிபட்டால் அக்காவுக்குப் பெருமிதம் எங்கிருந்து வரும்? அவள் தலைகுனிகிறாள், இரவில் உறக்கம் வருவதில்லை. அடுத்த வீட்டுப் பையன் பிடிபட்டிருந்தால் அவளுக்கு அந்தத் தலைகுனிவு இராது. எங்கள் நாடு செய்யும் தவறுக்காக நாங்கள் வெட்கப்படுகிறோம் என்றால், அது எங்கள் நாடு என்று நாங்கள் நினைப்பதால்தான்.

2024 ஆகஸ்ட் 5 அன்று வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறிய பின், காவலர்கள் பணிக்கு வராத நாட்களில், டாக்காவின் சாலைச் சந்திப்புகளில் மாணவர்கள் கையில் குச்சியும் வாயில் ஊதலுமாக நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார்கள். அவர்களுக்கு அரசு ஆணையிடவில்லை, ஊதியமும் இல்லை. தேசப்பற்று என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பொருள் எனக்குத் தெரியவில்லை.

கதிரவன்:

யாழினி டாக்காவைக் காட்டினார். நான் காத்மாண்டுவைக் காட்டுகிறேன். 2025 செப்டம்பர் 4 அன்று நேபாள அரசு சமூக ஊடகங்களுக்குத் தடை விதித்தது. ஊழலின் மீது ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்த கோபமும் சேர, 8ஆம் தேதி இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். காவலர்கள் சுட்டதில் உயிர்கள் போயின. அந்தக் கொடுமையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மறுநாள் நாடாளுமன்றமும், தலைமைச் செயலகமான சிம்ம தர்பாரும், உச்ச நீதிமன்றமும் எரிந்தன. ஆட்சியாளர் மேல் கொண்ட கோபத்தை நாட்டின் பொதுச் சொத்தின் மேல் காட்டுவதைப் பற்று என்று எப்படி அழைப்பது?

இன்னொன்றும் உண்டு. கோபம் பொங்கும் நான்கு நாட்களில் வெளிப்படுவதை மட்டும் கணக்கில் எடுக்கக் கூடாது. என் தங்கை மகன் அரசுக் கல்லூரியில், மக்களின் வரிப்பணத்தில் மருத்துவம் படித்தான். படிப்பு முடிந்த ஆண்டே வெளிநாடு போனான். அவன் மேல் எனக்கு அன்பு குறையவில்லை. ஆனால் இங்கே செய்ய வேண்டிய கடன் ஏதேனும் உண்டா என்று நான் கேட்டபோது, அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவனுக்கு வியப்பாக இருந்தது. அந்த வியப்புதான் என்னை வருத்துகிறது.

மெய்யரசன்:

முத்துவேல் ஐயா உதடு அசையாததைக் குறிப்பிட்டிருந்தார். அந்த ஒரு செய்திக்கு மட்டும் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம் உச்ச நீதிமன்றமே இதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

1985இல் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் பள்ளியில் நாட்டுப்பண் பாடவில்லை. பாடும்போது எழுந்து மரியாதையோடு நின்றார்கள். தங்கள் சமய நம்பிக்கை காரணமாக வாய் மட்டும் திறக்கவில்லை. பல ஆண்டுகளாக அப்படியே நின்றுவந்தவர்கள்தாம்; யாரும் குறை கூறியதில்லை. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் அதைக் கவனித்துச் சட்டமன்றத்தில் எழுப்பினார். விசாரித்த குழு, பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், அவமதிப்பு எதுவும் செய்யவில்லை என்றே அறிக்கை தந்தது. இருந்தும் அவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்றது. எழுந்து நிற்பதே மரியாதை, பாடாதது அவமதிப்பு ஆகாது என்று விளக்கியது. திரையரங்குகளில் நாட்டுப்பண் ஒலிப்பதை 2016 நவம்பரில் கட்டாயமாக்கிய அதே நீதிமன்றம், 2018 ஜனவரியில் அந்தக் கட்டாயத்தைத் தானே நீக்கிக்கொண்டது.

பாடாத பிள்ளைக்கு நாட்டின் மேல் பற்று இல்லை என்றும், உரக்கப் பாடியவருக்கு உண்டு என்றும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல நமக்கு வழியில்லை. உரக்கப் பாடிவிட்டு வரி ஏய்ப்பவர்களை நான் என் பணியில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

முத்துவேல்:

மெய்யரசன் எழுதியதை இரண்டு முறை படித்தேன். சமய நம்பிக்கையால் பாடாதிருப்பதும் சலிப்பால் பாடாதிருப்பதும் ஒன்றாகா என்பதில் நான் உறுதியாக நிற்கிறேன். அந்த மூன்று பிள்ளைகள் தாம் செய்வது இன்னதென்று அறிந்து நின்றார்கள். நான் பார்த்த மாணவனுக்கு அங்கே நடப்பது ஒரு பொருட்டாகவே இல்லை.

ஆனால் யாழினி ஆக்ஸ்போர்டைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. முப்பத்தோர் ஆண்டுகளில் எத்தனையோ கொடியேற்றங்களுக்கு மாணவர்களை வரிசைப்படுத்தியிருக்கிறேன். கால் சேர்ந்திருக்கிறதா, சட்டை கசங்கியிருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, நாட்டுப்பண்ணின் ஒரு வரிக்கேனும் பொருள் என்ன என்று எந்த வகுப்பிலும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அது சமஸ்கிருதச் சொற்கள் மிகுந்த வங்காள மொழி நடையில் அமைந்தது. பொருள் சொல்லாமல் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கும்? இந்தக் குறை என்னுடையது. இளையவர்கள் தலையில் இதைக் கட்ட மாட்டேன்.

யாழினி:

ஐயா, நீங்கள் இப்படி எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நன்றி.

கதிரவன் அண்ணனுக்கு: தீ வைத்தது தவறு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அதற்கடுத்த நாட்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதே நகரின் இளைஞர்கள் துடைப்பமும் குப்பைப் பைகளுமாக வந்து தெருக்களைச் சுத்தம் செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் டிஸ்கார்டு செயலியில் கூடி, இடைக்கால அரசுக்கு யார் தலைமை ஏற்பது என்று விவாதித்தார்கள். முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கி செப்டம்பர் 12 அன்று பதவியேற்றார். நாட்டை வேண்டாம் என்று நினைத்தவர்கள் விமான நிலையத்துக்குப் போயிருப்பார்கள், விவாதிக்க உட்கார்ந்திருக்க மாட்டார்கள். உங்கள் தங்கை மகனைப் பொறுத்தவரை, அவரிடம் அந்தக் கேள்வியைப் பள்ளியிலேயே யாராவது கேட்டிருந்தால் பின்னாளில் அவர் வியந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

கதிரவன்:

பள்ளியிலேயே கேட்டிருக்க வேண்டும் என்பது சரி. வீட்டில் நானும் கேட்கவில்லை.

துடைப்பத்தோடு வந்தவர்களை மதிக்கிறேன். ஆனால் உச்ச நீதிமன்றத்தில் எரிந்தவை வழக்குக் கட்டுகள், யாழினி. அவற்றில் ஒன்றேனும், ஒரு துண்டு நிலத்துக்காக ஆண்டுக்கணக்கில் நடையாய் நடந்த ஏழை ஒருவருடையதாக இருந்திருக்கும். தெருவைக் கூட்டியவர்களால் அதைத் திருப்பித் தர முடியாது. அந்த மனிதருக்கு உங்கள் தலைமுறை என்ன பதில் சொல்லும் என்று எழுதுங்கள். அதுவரை என் கருத்தை நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.