வாக்கர்னா நடக்கிறவரா, துணி மிதிக்கிறவரா?

மலைக்கோட்டை: ஜானி வாக்கர் விஸ்கி பாட்டில்ல தொப்பி வச்சு கைத்தடியோட ஒருத்தர் விறுவிறுன்னு போறாரே, அது போதாதா? வாக்கர்னா நடக்கிறவர். இங்கிலாந்து ராஜாவோட காட்டுல ரோந்து சுத்துன காவலரோட பேரு, அதுவே குடும்பப் பேரா நின்னு போச்சு. வாக்கர்ங்கிற இங்கிலீஷ் குடும்பப் பேரு துணி வேலையில இருந்து வந்துச்சுன்னு நேத்து ஒருத்தர் எழுதுனத என்னால ஏத்துக்க முடியலைங்க.

தறிக்காரி: எழுதுனது நான்தாண்ணா. அந்தப் படம் 1908-ல டாம் பிரௌன்ங்கிற கார்ட்டூனிஸ்ட் வரைஞ்சது. அந்த விஸ்கிக்குப் பேரு குடுத்த ஜான் வாக்கர் ஸ்காட்லாந்து கில்மார்னாக்ல மளிகைக்கடை போட்டதே 1820-ல, குடும்பப் பேரு அதுக்கும் பல நூறு வருஷம் முந்தி. விளம்பரத்த வச்சு பேருக்கு அர்த்தம் சொல்லலாமா? 'வாக்'ங்கிற சொல்லுக்கு மூலமான பழைய இங்கிலீஷ் 'வெயல்க்கன்'னா உருட்டறது, புரட்டறது. கால்நடையா போறதுங்கிற அர்த்தம் அந்தச் சொல்லுக்கு பின்னாடி ஒட்டிக்கிட்டதுதான். ஜெர்மன்ல 'வால்கன்'னா இன்னிக்கும் கம்பளித் துணிய அடிச்சு இறுக்கற வேலைதான்.

அந்த வேலை எப்படின்னா, தறியில இருந்து இறங்குன கம்பளி தொளதொளன்னு ஆட்டு எண்ணெய்ப் பிசுக்கோட இருக்கும். அதைத் தொட்டியில போட்டு, நாள்பட்ட மூத்திரமும் ஒரு களிமண்ணும் கலந்து (அந்த மண்ணுதான் நாம மூஞ்சிக்குப் பூசற முல்தானி மட்டி) வெறுங்கால்ல மணிக்கணக்கா மிதிப்பாங்க, பிசுக்கும் போகும் துணியும் சுருங்கி இழை ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். போன குளிர்ல என் கம்பளி ஸ்வெட்டர தெரியாம சுடுதண்ணில மெஷின்ல போட்டுட்டேன், எடுத்துப் பார்த்தா என் பொண்ணுக்குக்கூட பத்தல, தொட்டா கெட்டியா அட்டை மாதிரி. அதேதான் அவங்க வேணும்னே செஞ்சாங்க.

மலைக்கோட்டை: விவரம் நல்லா இருக்கும்மா. ஆனா அந்த வேலைக்கு ஃபுல்லர்னு ஒரு பேரு, டக்கர்னு இன்னொரு பேரு ஏற்கனவே இருக்கே, ஒரே தொழிலுக்கு எதுக்கு மூணு? இன்னொண்ணு, 1185-லேயே டெம்ப்ளர் வீரத் துறவிகளோட சொத்துக் கணக்குல இந்த வேலைக்குத் தண்ணில ஓடற மில் வந்துருச்சு, மரச் சுத்தியல் அடிக்கும்போது யாரு காலால மிதிச்சா?

தறிக்காரி: மூணு பேரு இருக்கறதுதாண்ணா எனக்குப் பெரிய சாட்சியே. தென்கிழக்குல ஃபுல்லர், அது லத்தீன் 'ஃபுல்லோ'ல இருந்து வந்தது. தென்மேற்கு டெவன் பக்கம் டக்கர், எக்ஸிடர்ல அந்தத் தொழில்காரங்க சங்கம் 1471-ல கட்டுன டக்கர்ஸ் ஹால் இன்னும் நிக்குது. வடக்கேயும் நடுவுலயும் வாக்கர். வெறும் நடக்கிறவர்னா நாடு பூரா ஒரே மாதிரி பரவியிருக்கணுமே, ஏன் ஊருக்கு ஊர் பிரிஞ்சு கிடக்கு? மில் வந்த பிறகும் பழைய சொல் போகல, அந்த மில்லுக்கே 'வாக் மில்'னுதான் பேரு.

வேதவாசகன்: நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். மாற்கு 9-ஆம் அதிகாரத்துல இயேசுவோட வஸ்திரம் வெண்மையா பிரகாசிக்கிற இடம் இருக்கு, நம்ம பழைய தமிழ் பைபிள்ல எந்த வண்ணானும் வெளுக்கக்கூடாத வெண்மைன்னு வரும். 14-ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பான விக்லிஃப் பைபிள்ல அங்க 'ஃபுல்லர், அல்லது துணி வாக்கர்'னு ரெண்டையும் சேர்த்தே போட்டிருக்காங்க. அன்னிக்குப் படிச்சவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

மலைக்கோட்டை: இது எனக்குத் தெரியாதுங்க, வலுவான ஆதாரம்தான். ஆனாலும் எல்லா வாக்கரையும் தொட்டியில இறக்க ஒத்துக்க மாட்டேன். நியூகாஸில் பக்கம் வாக்கர்னு ஊரே இருக்கு, ரோமர் கட்டுன ஹேட்ரியன் மதில் ஓரத்து சதுப்புன்னு அர்த்தம். அந்த ஊர்ல இருந்து கிளம்புனவங்க என்ன ஆவாங்க?

தறிக்காரி: அது நியாயம்ணா, சில குடும்பத்துக்கு ஊர்ப்பேரா இருக்கலாம், மறுக்கல. ஆனா ஸ்காட்லாந்தோட பழைய மொழியான கேலிக்ல 'மக் அன் உக்கதர்'னு ஒரு பேரு, கம்பளி மிதிக்கிறவர் மகன்னு அர்த்தம், அவங்க இங்கிலீஷுக்கு மாறினப்ப எடுத்துக்கிட்ட பேரு வாக்கர். ரெண்டு மொழியும் தெரிஞ்ச சனங்க, காவலர்னு நினைச்சிருந்தா இதை எடுத்திருப்பாங்களா?

மலைக்கோட்டை: பெரும்பாலான வாக்கருக்கு உங்க பக்கம்தான் சாயுது, அத ஒத்துக்கறேன். காட்டுக் காவலர மட்டும் நான் இன்னும் விடல, தேடிட்டு வர்றேன்.

தறிக்காரி: தேடுங்கண்ணா, காத்திருக்கேன். அந்த ஸ்வெட்டர் இன்னும் பீரோலதான் இருக்கு, ராத்திரி போட்டோ எடுத்துப் போடறேன், பெருசாக்கிப் பாருங்க, பின்னல் கண்ணி ஒண்ணுகூட தெரியாது.