ஷிப்ட் வேலைக்காரங்க டைரி எழுதினா டென்ஷன் குறையுமா? எப்போ, எவ்வளவு நேரம், எதை எழுதணும்?

சூளகிரிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ஓசூர் சிப்காட்ல வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும்: காலை 6, மதியம் 2, ராத்திரி 10. "டென்ஷன் குறைய டைரி எழுதுங்க, தினமும் நன்றி எழுதுங்க"ன்னு எந்த வீடியோவைத் தொறந்தாலும் சொல்றாங்க. எப்படின்னு கேட்டா அழகான நோட்டு ஒண்ணு வாங்குங்கன்றதோட நிறுத்திக்கிறாங்க.

கேள்வி இதுதான். தினமும் எழுதியே ஆகணுமா? மனசுல இருக்குற கசப்பையும் நன்றியையும் ஒரே நோட்டுல எழுதலாமா? நன்றின்னு உக்காந்தா "அம்மா, வேலை, உடம்பு"ன்னு அதே மூணுதான் வருது, அது போதுமா? எழுதி முடிச்சதும் மனசு இன்னும் பாரமாயிட்டா என்ன பண்றது? வீட்டுல ஏழெட்டு பேர். நோட்டை யாராவது எடுத்துப் படிச்சுட்டா?

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அதியமான்கோட்டை:

கசப்பை எழுதுறதும் நன்றி எழுதுறதும் வேற வேற வேலை. நேரம் வேற, அளவு வேற, நிறுத்த வேண்டிய இடமும் வேற. ரெண்டையும் ஒரே உக்காரல்ல போட்டுக் குழப்பறதாலதான் பாதி பேர் ஒரு வாரத்துல நோட்டை மூடிடறாங்க. நான் கசப்பு பக்கத்தை மட்டும் சொல்றேன்.

இதுக்கு அடிப்படை 1986-ல அமெரிக்காவுல ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஆய்வு. 46 கல்லூரி மாணவர்கள். தினம் 15 நிமிஷம், தொடர்ந்து 4 நாள், அவ்வளவுதான். மனசை உறுத்தின சம்பவத்தையும் அதுல தனக்கு என்ன தோணுச்சுன்றதையும் சேர்த்து எழுதினவங்க, அடுத்த ஆறு மாசத்துல உடம்பு சரியில்லன்னு மருத்துவ மையத்துக்குப் போனது குறைஞ்சுது. நடந்ததை மட்டும் பேப்பர் செய்தி மாதிரி எழுதினவங்களுக்கு அந்தப் பலன் வரல.

நீங்க கேட்ட பாரம் அதே ஆய்வுலயே இருக்கு. எழுதி முடிச்ச கையோட அவங்க மனநிலை மோசமாத்தான் இருந்துது. பலன் பின்னாடிதான் வந்துது. அதனால எழுதினதும் தூங்கப் போறதோ, வண்டியை எடுத்துக்கிட்டு ஹைவேஸ்ல ஏறுறதோ வேண்டாம். அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்க. பாத்திரம் தேய்ங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க, கையும் காலும் ஏதாவது வேலை செய்யட்டும். ஒரு மணி நேரம் கழிஞ்சும் படபடப்பு அடங்கலன்னா எடுத்த விஷயம் இப்போதைக்குப் பெருசு. அதை விட்டுட்டு சின்னதா ஒண்ணை எடுங்க. எழுத ஆரம்பிக்கும்போதே உடைஞ்சு போயிடுவோம்னு தோணுச்சுன்னா அதைத் தொடவே வேண்டாம்.

செய்முறை: 15-ல இருந்து 20 நிமிஷம், போன்ல அலாரம். பேனாவை நிறுத்தாம எழுதுங்க. எழுத்துப்பிழை, ஒத்து, கால் எதையும் பார்க்காதீங்க. பேசுற தமிழ்லயே எழுதுங்க. மேடைத் தமிழ்ல எழுத ஆரம்பிச்சா மனசு நடிக்க ஆரம்பிச்சுடும். ஒரே விஷயத்தை மூணு நாள், மிஞ்சினா நாலு நாள் எழுதிட்டு நிறுத்திடணும். இதுக்கு மேல இழுக்கறதுதான் பெரிய தப்பு.

சரியாப் போகுதான்னு பார்க்க ஒரு வழி உண்டு. முதல் நாள் பக்கத்தையும் நாலாம் நாள் பக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. முதல் நாள் "சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் கத்திட்டான், மானம் போச்சு"ன்னு இருக்கும். நாலாம் நாள் "டார்கெட் முடியலன்னு அவனை மேல யாரோ புடிச்சிருக்காங்க, அதனாலதான் லைன்ல வந்து கத்தினான், எனக்கு வலிச்சது அந்தப் புதுப் பையன் முன்னாடி திட்டு வாங்கினது"ன்னு மாறியிருந்தா வேலை நடக்குது. "அதனால", "ஏன்னா", "இப்பதான் புரியுது" மாதிரி வார்த்தைகள் நாளுக்கு நாள் கூடினவங்களுக்குத்தான் பலன் அதிகம்னு பென்னிபேக்கரே பின்னாடி அவங்க எழுதினதுல இருந்த வார்த்தைகளை எண்ணிப் பார்த்துச் சொன்னார். நாலு நாளும் அதே வரி, அதே கோபம்னா அது எழுத்து இல்ல, அரைச்ச மாவையே அரைக்கிறது. அப்போ "நான்"-ஐ எடுத்துட்டு உங்க பேரைப் போட்டு, யாரோ ஒருத்தர் கதையை எட்ட நின்னு சொல்ற மாதிரி ஒரு தடவை எழுதிப் பாருங்க.

ஒரு எச்சரிக்கை. விவாகரத்து, பிரிவு மாதிரி பச்சைப் புண்ணுக்கு இது எல்லாருக்கும் ஒத்து வராது. புதுசா துணையைப் பிரிஞ்சவங்ககிட்ட 2013-ல செஞ்ச ஆய்வுல, எதையும் திரும்பத் திரும்ப நினைச்சுக் குமையுற குணம் உள்ளவங்க உணர்ச்சிகளை எழுதினதால தேறுறது தாமதமாச்சு. அவங்களுக்குச் சாதாரணமா அன்னன்னிக்கு என்ன செஞ்சோம்னு எழுதினதே நல்லதா இருந்துது.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் கம்மியா வெச்சுக்கோங்க. 2006-ல 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. பலன் உண்டு, ஆனா சின்னது. வீடியோக்காரங்க சொல்ற மாதிரி வாழ்க்கையே மாறிடாது.

பென்னாகரம் வாசகி:

நன்றி பக்கத்தை நான் சொல்றேன்.

தினமும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள் போதும். 2003-ல ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் செஞ்ச முதல் ஆய்வே வாரத்துக்கு ஒரு தடவை, 10 வாரம், அதிகபட்சம் 5 விஷயம். பின்னாடி சோன்யா லுபோமிர்ஸ்கி குழு ஒப்பிட்டுப் பார்த்தப்ப, வாரத்துக்கு ஒரு தடவை எழுதினவங்களுக்குத்தான் மனநிறைவு கூடுச்சு, மூணு தடவை எழுதினவங்களுக்கு இல்ல. அடிக்கடி எழுதினா பழகிப்போய் வெறும் கடமை ஆயிடும்னு அவங்க நினைச்சாங்க. உங்க "அம்மா, வேலை, உடம்பு"ம் அந்தக் கதைதான்.

மார்ட்டின் செலிக்மன் குழுவோட 2005 பயிற்சி மட்டும் ராத்திரி தோறும் எழுதுறது. ஆனா ஒரே ஒரு வாரம்தான். அன்னிக்கு நடந்த மூணு நல்லது, ஒவ்வொண்ணுக்கும் கீழ "இது ஏன் நடந்துது?"ன்னு காரணம். நிறைய பேர் காரணத்தை விட்டுடறாங்க. சாரமே அதுலதான் இருக்கு.

தலைப்பை எழுதாதீங்க, நடந்ததை எழுதுங்க. "பக்கத்து வீட்டு அக்காவுக்கு நன்றி"ன்னா அது தலைப்பு. இப்படி இருக்கணும்: "செவ்வாய் மதியம் திடீர்னு மழை. மாடியில காயப் போட்ட கேழ்வரகை அக்கா தானா அள்ளி, மூட்டை கட்டி, வாசல்ல வெச்சிருந்தாங்க. முழங்கால் வலியோட ரெண்டு மாடி ஏறியிருக்காங்க. யாரும் சொல்லல. சத்தம் கேட்டு அவங்களுக்கே தோணியிருக்கு." என்ன நாள், யார், அவங்களுக்கு என்ன சிரமம், ஏன் செஞ்சாங்க. இந்த நாலும் வந்தா ஒரு விஷயமே ஒரு வாரத்துக்குப் போதும். அஞ்சு தேடி அலைய வேண்டாம்.

ஒண்ணுமே தோணாத வாரத்துல தலைகீழாப் போங்க. இருக்குற ஒண்ணை இல்லன்னு வெச்சு எழுதுங்க. "இந்த நண்பனை அந்த ஐடிஐ-ல சந்திச்சிருக்கலன்னா?"ன்னு ஆரம்பிச்சு, சந்திக்காமப் போக எத்தனை வழி இருந்துதுன்னு அடுக்குங்க. இருக்கறதைப் போற்றி எழுதறதை விட இது சட்டுனு வேலை செய்யும்.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல ரொம்ப நடக்குறது. சிலர் பேரை எழுதினதும் மனசு இளகாது, இறுகும். கல்யாணத்துக்குப் பணம் கொடுத்துட்டு ஒவ்வொரு விசேஷத்துலயும் சொல்லிக்காட்டுற சொந்தக்காரர் மாதிரி. அது நன்றி இல்ல, கடன். அந்தப் பேரை நோட்டுல இருந்து எடுத்துடுங்க, குத்த உணர்ச்சி வேண்டாம்.

ராயக்கோட்டை மண்டி:

மேல சொன்னதெல்லாம் சரிதான் மேடம். ஆனா ஒரு இடத்துல ஒத்துக்க முடியாது. தக்காளி பறிகூலிக்கே கட்டாம வயல்லயே விட்ட வாரத்துல ஒருத்தர்கிட்ட நன்றி எழுதுங்கன்னு சொல்றது வெந்த புண்ணுல வேல் பாய்ச்சுற வேலை. மாங்கா சீசன்ல கூழ் கம்பெனி விலையை இறக்கின அன்னிக்கும் அப்படித்தான். பணக்கவலைக்கு முதல்ல வேணும்னா கணக்கு நோட்டு.

ஒரு பக்கத்தை நடுவுல கோடு போட்டுப் பிரிங்க. இடப்பக்கம் நம்ம கையில இல்லாதது: மார்க்கெட் விலை, மழை, பெங்களூரு வரத்து. வலப்பக்கம் நம்ம கையில இருக்குறது: எத்தனை கிரேட், பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன், எந்தக் கடன் எந்தத் தேதி, யார்கிட்ட தவணை கேக்கலாம். வலப்பக்கம் ஒவ்வொரு வரிக்கும் எதிர்ல தொகையும் தேதியும் இருக்கணும். "கடன் நிறைய இருக்கு"ன்னு எழுதினா ராத்திரி பூரா அது ஓடும். "சொசைட்டி, இவ்வளவு, மாசக் கடைசி"ன்னு எழுதினா அது ஒரு வேலை. கடைசியா நாளைக்குக் காலையில செய்யப் போற ஒரே ஒரு காரியத்துக்கு வட்டம் போடுங்க. நன்றியை அடுத்த வாரம் பார்த்துக்கலாம்.

பென்னாகரம் வாசகி:

ஒத்துக்குறேன் அண்ணா. கஷ்டத்தை மூடி மறைக்க நன்றி எழுதக் கூடாது. நான் சொன்னது சாதாரண வாரத்துக்கு.

சூளகிரிக்காரன்:

ரொம்ப நன்றிங்க. நைட் ஷிப்ட் வாரத்துல எப்போ எழுதறது? காலை 7 மணிக்கு வீடு வந்து சேர்ந்தா உடம்பு அசந்துடும், ஆனா தூக்கம் வராது, தலைக்குள்ள மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும். அப்புறம் போன்ல எழுதலாமா, பேப்பர்தானா?

அதியமான்கோட்டை:

தூக்கத்துக்கு முன்னாடி மேல சொன்ன ரெண்டுமே வேண்டாம். அதுக்கு மூணாவதா ஒண்ணு இருக்கு. படுக்கறதுக்கு முன்னாடி 5 நிமிஷம், எழுந்ததும் செய்ய வேண்டிய வேலைகளை மட்டும் பட்டியல் போடுங்க. 2018-ல அமெரிக்காவோட பெய்லர் பல்கலைக்கழகத்துல 57 பேரை ஆய்வுக்கூடத்துல தூங்க வெச்சுப் பார்த்தாங்க. செய்ய வேண்டியதை எழுதினவங்க, செஞ்சு முடிச்சதை எழுதினவங்களை விட சுமார் 9 நிமிஷம் சீக்கிரம் தூங்கினாங்க. பட்டியல் எவ்வளவு விவரமா இருந்துதோ அவ்வளவு சீக்கிரம். "பேங்க் வேலை"ன்னு எழுதாம "3 மணிக்கு பாஸ்புக் எடுத்துக்கிட்டு நகைக்கடன் வட்டி கட்டணும்"னு எழுதுங்க. அவங்க ராத்திரி தூங்கினவங்க. பகல் தூக்கத்துக்கு அதே 9 நிமிஷம் வரும்னு சொல்ல மாட்டேன், ஆனா காசு செலவில்லாத வழி.

ஷிப்ட் மாறுறவங்க மணி பார்த்து வழக்கம் வெச்சா ரெண்டாவது வாரமே உடைஞ்சுடும். வேறொரு வேலையோட முடிச்சுப் போடுங்க. நன்றிக்கு வார விடுமுறை அன்னிக்கு முதல் டீ. கசப்புக்கு, சாப்பிட்டு முடிச்சு, தூங்க குறைஞ்சது ரெண்டு மணி நேரம் இருக்குற நேரம். கம்பெனி பஸ்ல வேண்டாம், பக்கத்து சீட்டுக்காரர் கண்ணு நோட்டுலதான் இருக்கும்.

பேப்பரே நல்லது. போனைக் கையில எடுத்தா வாட்ஸ்அப் கூப்பிடும். போன்தான்னா நோட்ஸ் ஆப்புக்குத் தனி லாக் போடுங்க. அதே ஜிமெயில் பிள்ளைங்க டேப்லயோ வீட்டு டிவியிலயோ இருந்தா, எழுதினது அங்கயும் போய் நிக்குமான்னு முதல்ல பாருங்க. கையில எழுத வராத பெரியவங்களுக்கு வாய்ஸ் ரெக்கார்டர் போதும். பேசிப் பதிவு பண்ணிச் செஞ்ச ஆய்வுகளும் இருக்கு.

யாராவது படிச்சுடுவாங்களோங்குற பயத்தோட எழுதினா உண்மை வராது. கசப்புக்கு நோட்டே வேண்டாம், ஒத்தைத் தாள். நாலு நாளும் முடியற வரைக்கும் மடிச்சு பர்ஸ்ல வெச்சுக்கோங்க, ஒப்பிட்டுப் பார்த்ததும் கிழிச்சு வெந்நீர் அடுப்புல போடுங்க. நன்றிக்கு 80 பக்க ரூல்டு நோட்டு, அது அலமாரியில இருக்கட்டும், யார் படிச்சாலும் நல்லதுதான்.

அரூர் நர்ஸ்:

விட்டுப்போன ஒண்ணு. ரெண்டு வாரத்துக்கு மேல தொடர்ந்து தூக்கமில்லாம, சாப்பாடு இறங்காம, எதுலயும் பிடிப்பில்லாம இருந்தா நோட்டை நம்பி உக்காராதீங்க. செத்துடலாம்னு தோணினா ஒரு நாள் கூடக் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம். தமிழ்நாடு அரசோட மருத்துவ உதவி எண் 104-லயும் பேசலாம். நேர்ல போகணும்னா தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு இடத்துலயும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, மனநலப் பிரிவுன்னு கேட்டு ஓபி சீட்டு போடுங்க. எழுதின தாள் கையில இருந்தா எடுத்துக்கிட்டுப் போங்க. டாக்டர் முன்னாடி வாய் வராதவங்க அதை நீட்டினாலே போதும். தூக்க மாத்திரையைக் கடையில நீங்களா கேட்டு வாங்காதீங்க, அதுவும் நைட் ஷிப்ட் முடிச்சு வண்டி ஓட்டுறவங்க.