நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் கடவுச்சொல்லை க்விக்கனில் பயன்படுத்துவது எப்படி?

கேள்வி: நியூஜெர்சிவாசி

அனைவருக்கும் வணக்கம். வீட்டு வரவு செலவையும் ஓய்வுக்கால முதலீடுகளையும் நெடுங்காலமாக க்விக்கன் மென்பொருளில் பதிந்து வருகிறேன். வங்கி, கடனட்டை, பங்குத் தரகு நிறுவனம் ஆகிய மூன்றின் கடவுச்சொற்களும் மென்பொருளின் கடவுச்சொல் பெட்டகத்தில் இருப்பதால், ஒரே சொடுக்கில் எல்லாக் கணக்குகளும் புதுப்பிக்கப்பட்டுவிடும்.

அண்மையில் தரகு நிறுவனம் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளும் சிறிய டோக்கன் ஒன்றை அனுப்பியது. அதன் திரையில் தெரியும் 6 இலக்க எண் 60 வினாடிக்கு ஒருமுறை மாறுகிறது. வழக்கமான கடவுச்சொல்லைத் தொடர்ந்து அந்த எண்ணையும் சேர்த்துத் தட்டச்சு செய்தால்தான் கணக்கு திறக்கிறது. இணையதளத்தில் இது சிக்கலின்றி நடக்கிறது. க்விக்கனிலோ பெட்டகத்தில் இருக்கும் கடவுச்சொல் நிராகரிக்கப்படுகிறது. அதை நீக்கிவிட்டு, எண்ணைச் சேர்த்துக் கையால் உள்ளிட்டபோது முதல் கணக்கு புதுப்பிக்கப்பட்டது. அதே நிறுவனத்தில் உள்ள ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு மட்டும் பிழை காட்டியது. டோக்கனைக் கைவிடாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

மறுமொழி: கணக்குப்பிள்ளை

நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால், உங்கள் மென்பொருள் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனிக் கோரிக்கை அனுப்புகிறது என்று தோன்றுகிறது. இத்தகைய இணைப்பில் ஒவ்வொரு கோரிக்கையோடும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மீண்டும் போக வேண்டும். முதல் கோரிக்கையோடு போன எண் ஏற்கப்பட்ட அந்தக் கணமே செல்லாததாகிவிடுகிறது. 60 வினாடி முடியாவிட்டாலும் அதை இரண்டாம் முறை ஏற்கக் கூடாது என்பதுதான் இம்முறையின் விதி. எனவே தரகுக் கணக்குகளை ஒட்டுமொத்தப் புதுப்பிப்பிலிருந்து விலக்கி வைத்து, ஒன்றை முடித்தபின் திரையில் அடுத்த எண் வரும்வரை காத்திருந்து மற்றதைப் புதுப்பியுங்கள். பிழை வந்தவுடன் அதே எண்ணைத் திரும்பத் திரும்ப உள்ளிட வேண்டாம், கணக்கே முடக்கப்படலாம்.

மறுமொழி: பேரேடு

மேலே உள்ள விளக்கம் சரியானது; ஆனால் வாரந்தோறும் டோக்கனை வைத்துக்கொண்டு காத்திருப்பது எவருக்கும் சலிப்பூட்டும் வேலை. சிக்கலின் வேர் பழையது. மைக்ரோசாஃப்ட், இன்ட்யூட், செக்ஃப்ரீ ஆகிய மூன்று நிறுவனங்கள் 1997-ல் நிதி நிறுவனங்களும் கணக்கு மென்பொருள்களும் தகவல் பரிமாறிக்கொள்ள உதவும் ஓஎஃப்எக்ஸ் என்ற தரவு வடிவத்தை வெளியிட்டபோது, பயனர் பெயரும் மாறாத கடவுச்சொல்லும் போதும் என்றே கருதப்பட்டது. அமெரிக்க வங்கிக் கண்காணிப்பு அமைப்புகளின் கூட்டுக் குழுவான எஃப்எஃப்ஐஇசி, இணைய வங்கிச் சேவையில் வெறும் கடவுச்சொல் போதாது என்று 2005 அக்டோபரில் அறிவுறுத்தி, 2006 இறுதிவரை அவகாசம் தந்தது. அதன்பின் ஓஎஃப்எக்ஸ் வடிவத்திலும் கூடுதல் கேள்விகளுக்கும் அடையாள எண்ணுக்கும் இடம் சேர்க்கப்பட்டது. ஆயினும் வடிவத்தில் இடம் இருப்பது வேறு, நிறுவனமும் மென்பொருளும் அதைப் பயன்படுத்துவது வேறு. உங்கள் நிறுவனம் எண்ணைக் கடவுச்சொல்லோடு ஒட்டவைக்கச் சொல்வதிலிருந்தே, இருக்கும் கட்டத்துக்குள் புதிய பூட்டைத் திணித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

என் பரிந்துரை, இணைப்பை விட்டுவிட்டுக் கோப்பை நீங்களே இறக்கிக்கொள்வது. தரகு நிறுவனத்தின் இணையதளத்தில் டோக்கன் எண்ணோடு உள்நுழைந்து, தேதி வரம்பைக் குறிப்பிட்டு, ஒவ்வொரு கணக்குக்கும் க்யூஎஃப்எக்ஸ் கோப்பை (ஓஎஃப்எக்ஸின் க்விக்கன் வடிவம்) தரவிறக்கி, க்விக்கனில் திறந்தால் போதும். தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள்: ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தேதி, தொகை ஆகியவற்றோடு எஃப்ஐடிஐடி என்ற தனி அடையாளமும் இருக்கும். ஏற்கெனவே பதிவான அடையாளத்தை மென்பொருள் தானே ஒதுக்கிவிடும் என்பதால், போன மாதத்தின் கடைசி வாரத்தையும் சேர்த்தே இறக்குவது நல்லது. விடுபடுவதைவிட மிகுவது மேல். ஆனால் கணக்கு எண் உட்பட எல்லாம் அதில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும். பதிவேற்றிய கையோடு கோப்பை அழித்துவிடுங்கள். தரவிறக்கக் கோப்புறையில் இவை குவிந்து கிடப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி: தனிப்பூட்டு

கோப்பு முறை பாதுகாப்பானதுதான், ஆனால் அதுதான் ஒரே வழி என்பதை நான் ஏற்கவில்லை. 2016-ல் வந்த ஓஎஃப்எக்ஸ் 2.2 பதிப்பில் ஓஆத் என்ற அனுமதி முறைக்கு இடம் தரப்பட்டது. இம்முறையில் மென்பொருள் உங்களை நிறுவனத்தின் சொந்தப் பக்கத்துக்கே அனுப்பிவைக்கும். டோக்கன் எண்ணை அங்கே ஒருமுறை உள்ளிட்டு ஒப்புதல் தந்தால், கடவுச்சொல்லைப் பார்க்காமலேயே மென்பொருளுக்கு ஓர் அனுமதிச் சீட்டு கிடைக்கும். அந்தச் சீட்டை நிறுவனத்தின் பக்கத்திலிருந்தே நீங்கள் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். உங்கள் நிறுவனம் இதைத் தருகிறதா என்று முதலில் கேளுங்கள். கடவுச்சொல்லை வாங்கி வேறொரு வழங்கியில் வைத்துக்கொண்டு, உங்கள் பெயரில் உள்நுழைந்து தரவை எடுத்துவரும் இடைத்தரகு இணைப்பை மட்டும் ஏற்க வேண்டாம். அதற்காக டோக்கன் எண் என்ற இரண்டாம் பூட்டை அணைக்கச் சொன்னால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நியூஜெர்சிவாசி

மூவருக்கும் நன்றி. நிறுவனத்திடம் கேட்டுவிட்டேன், ஓஆத் வசதி இப்போதைக்கு இல்லை என்றார்கள். எண்ணை உருவாக்க டோக்கனுக்குள் இருக்கும் ரகசியக் குறியீட்டைக் கணினியில் பதிந்துவைத்து, எண்ணைக் கணினியே உருவாக்கிக்கொள்ளச் செய்ய முடியுமா என்று என் மகன் கேட்கிறான்.

மறுமொழி: தனிப்பூட்டு

அத்தகைய சாதனத்திலிருந்து ரகசியத்தை வெளியே எடுக்க முடியாதபடிதான் அதை உருவாக்குகிறார்கள். கைப்பேசிச் செயலி வழியே எண் தரும் நிறுவனங்களில் தம்பி சொல்வது நடக்கும். ஆனால் கடவுச்சொல்லும் எண்ணும் ஒரே கணினியில் இருந்தால், அந்தக் கணினிக்குள் நுழைந்தவனுக்கு இரண்டும் ஒருசேரக் கிடைத்துவிடும். அந்த ரகசியத்தின் மதிப்பை 2011 மார்ச்சில் ஆர்எஸ்ஏ நிறுவனத்தின் மீது நடந்த ஊடுருவல் காட்டியது. அதன் செக்யூர்ஐடி டோக்கன்கள் குறித்த தகவல் களவுபோனதால், பின்னர் வாடிக்கையாளர்களுக்கு டோக்கன்களை மாற்றித் தர நேர்ந்தது.

மறுமொழி: பேரேடு

அப்படியானால் கோப்பு முறைக்கே வாருங்கள். மாறுவதற்கு முன் க்விக்கன் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து வையுங்கள். பிறகு இரண்டு தரகுக் கணக்குகளின் விவரப் பக்கத்திலும் இணையச் சேவையைத் துண்டித்துவிடுங்கள். பழைய இணைப்பு உயிரோடு இருந்தால் புதிய கோப்போடு முட்டிக்கொள்ளும். முதல் கோப்பைத் திறக்கும்போது, புதிய கணக்கு தொடங்கவா, இருக்கும் கணக்கோடு இணைக்கவா என்று மென்பொருள் கேட்கும். இருக்கும் கணக்கையே தேர்ந்தெடுங்கள். ஐஆர்ஏ கோப்பு தவறிப்போய் மற்றக் கணக்கில் விழாமல் இருக்க, கணக்கு எண்ணின் கடைசி 4 இலக்கங்களை ஒப்பிட்டபின் உறுதி செய்யுங்கள்.