மறு: டெர்ரா நுல்லியஸ் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம். டெர்ரா நுல்லியஸ் என்பது, ஒரு நிலம் எவருக்கும் உரியதல்ல என்று சொல்லி அதை எடுத்துக்கொள்வதை நியாயப்படுத்திய இலத்தீன் சட்டச் சொல். அதற்குத் தமிழில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'ஆளில்லா நிலம்' என்றே வைத்துவிடலாமே. படித்ததும் புரிகிறது.

புரிகிறது ஐயா, ஆனால் தப்பாகப் புரிகிறது. 1770 ஆகஸ்ட் 22 அன்று ஜேம்ஸ் குக் பொசெஷன் தீவில் கொடியேற்றி, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை பிரிட்டிஷ் மன்னர் பெயருக்கு எடுத்துக்கொண்டார். வரும் வழியெல்லாம் கரையில் ஆட்களையும் அவர்கள் மூட்டிய புகையையும் பார்த்துக்கொண்டேதான் வந்தார். அங்கிருப்போரின் இசைவோடு எடுத்துக்கொள் என்றுதான் அவருக்கு வந்த கட்டளையும் சொன்னது.

1835இல் ஜான் பேட்மேன் என்பவர் வுருண்ட்ஜெரி என்ற ஆஸ்திரேலியப் பூர்வகுடியின் மூத்தோரிடம் போர்வை, கோடரி, மாவு கொடுத்து நிலம் வாங்கியதாக ஒப்பந்தம் எழுதினார். நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் பர்க் அதைச் செல்லாது என்றார். நிலம் மன்னருடையதாம், அந்த மூத்தோரிடம் விற்க எதுவும் இல்லையாம். ஆக, ஆள் இருந்தது எல்லாருக்கும் தெரியும். நிலம் அவர்களுக்கு உரியதல்ல என்பதே வாதம். இலத்தீனில் நுல்லியஸ் என்பதும் 'எவருக்கும் உரியதல்லாத' என்றுதான் பொருள்படும்.

> புறம்போக்கு?

சிரித்துவிட்டேன். ஆசையாகத்தான் இருக்கிறது, ஊரார் புழங்கிய நிலத்தை ஏட்டில் ஒரு சொல் போட்டுப் பிரிப்பது நமக்கும் பழக்கம்தானே. ஆனால் புறம்போக்குக்கு அரசு என்ற சொந்தக்காரர் உண்டு. மன்னர் எடுத்துக்கொண்ட பிறகான நிலைக்கு வேண்டுமானால் அது பொருந்தும், அதற்கு முந்தைய நிலைக்குப் பொருந்தாது. தவிர, அது வசவாகவும் ஆகிவிட்டது.

என் பரிந்துரை: உரியோரிலி நிலம். ஏதிலி, அறிவிலி போல. கோட்பாட்டைக் குறிக்க 'உரியோரிலிக் கோட்பாடு'. வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்:

"மெர் தீவினரான எடி மாபோவும் பிறரும் தொடுத்த வழக்கில், 1992 ஜூன் 3 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் உரியோரிலிக் கோட்பாட்டை நிராகரித்தது."

உறுத்தாமல் உட்கார்கிறது. ஆஸ்திரேலியாவின் வடகோடியில், டோரஸ் நீரிணையில் உள்ள மெர் தீவில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் குடும்பமும் எல்லையும் உண்டு. பிறர் நிலத்தில் கை வைக்காதே, கால் வைக்காதே என்பது அவர்களுடைய மாலோ நெறி. அப்படிப்பட்டவர்கள் தங்களுக்கும் நிலம் உரியது என்று நீதிமன்றம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. தீர்ப்பு வருவதற்கு ஏறக்குறைய நாலரை மாதம் முன்பே மாபோ இறந்துபோனார்.

> 'உடையாரிலி' இன்னும் இயல்பாக இல்லையா?

இயல்புதான். ஆனால் உடையார் என்றதும் நம்மவர்களுக்குச் சாதிப் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும்.

> ஒரு சொல்லுக்கு இத்தனை மல்லுக்கட்டா?

நியூசிலாந்தில் பிரிட்டிஷ் அரசுக்கும் அங்குள்ள பூர்வகுடியான மாவோரிகளின் தலைவர்களுக்கும் இடையே 1840இல் கையெழுத்தான வைத்தாங்கி உடன்படிக்கையைப் பாருங்கள். ஆங்கிலப் படியில் இறையாண்மையே பிரிட்டிஷ் அரசிக்குப் போகிறது. மாவோரி படியிலோ 'காவனதங்கா'. கவர்னர் என்பதன் மாவோரி வடிவத்தோடு விகுதி ஒட்டிச் செய்த சொல், ஆளுகை என்ற அளவில்தான் பொருள். பெரும்பாலான தலைவர்கள் ஒப்பமிட்டது மாவோரி படியில். எதைக் கொடுத்தார்கள் என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. அதுவும் யாரோ உட்கார்ந்து ஆக்கிய கலைச்சொல்தான்.

வேறு மறுப்பு இல்லையென்றால் உரியோரிலியைக் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். 'உரியோரிலி'யா 'உரியாரிலி'யா என்பதில் மட்டும் எனக்கே தடுமாற்றம். இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.