15 வயது விங்கர்: பலம் எது, குறை எது, எதை முதலில் சரி செய்வது?

லெனேசியா அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். மகனுக்கு 15 வயது, ஐஸ் ஹாக்கியில் இடது விங்கர், அதாவது இடது ஓரமாகத் தாக்கி ஆடுபவன், ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் கெம்ப்டன் பார்க் ஃபெஸ்டிவல் மால் ஐஸ் ரிங்க்கில் பயிற்சி. சின்ன வயதில் வீட்டு முன்னால் சக்கர ஸ்கேட் போட்டுக்கொண்டு ஆடியவன், ஐஸுக்கு வந்தது அப்புறம்தான். ஆள் ஒல்லி, வகுப்பில் அவன்தான் குள்ளம். ஆனால் கை வேகம் அபாரம். கோலி (கோல் காப்பவர்) முன்னால் போய்விட்டால் பெரும்பாலும் கோல்தான். கனடாவில் நடக்கும் கோடை முகாமுக்கு அனுப்புங்கள் என்று சிலர் சொல்கிறார்கள், செலவு முழுக்க டாலரில். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன், இந்த ஆட்டத்தில் கோலைத் தாண்டி எதைப் பார்க்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போன வார ஆட்டத்தை முழுசாக ஏற்றியிருக்கிறேன், வெள்ளைச் சட்டை, எண் 9. மனசில் பட்டதை அப்படியே எழுதுங்கள்.

கேப்டவுன் டிஃபென்ஸ்:
அண்ணா, முழுசாகப் பார்த்தேன். கிராண்ட்வெஸ்ட் ரிங்க்கில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான், அதனால் நேராகவே சொல்கிறேன். கோல் போட்ட இடங்களை ஒதுக்கிவிட்டு, பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) அவனிடம் இல்லாதபோது என்ன செய்கிறான் என்று மட்டும் பார்த்தேன். பையனைப் பற்றித் தெரியவேண்டியது எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் நல்லது. போர்டு (ஐஸைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவர்) ஓரமாகப் பாஸ் வாங்கப் போகும்போது, பக் வந்து சேருவதற்கு முன்பே ரெண்டு தடவை தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கிறான். யாராவது சொல்லிக்கொடுத்தார்களா, தானாக வந்ததா தெரியாது, ஆனால் அந்த வயதில் இதைச் செய்கிறவர்கள் குறைவு. எதிராளி எங்கே நிற்கிறான் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டுதான் பக்கைத் தொடுகிறான்.

குறை என்று பார்த்தால், பக் ஸ்டிக்கில் ஒட்டியதும் தலை கீழே போய்விடுகிறது. இப்போது இது அவனைப் பாதிக்கவில்லை, ஏனென்றால் அந்த ஆட்டத்தில் யாரும் அவன் மேல் மோதவே இல்லை. கனடாவில் 13, 14 வயதுப் பிரிவிலேயே பல லீக்குகளில் பாடி செக் (உடம்பால் மோதித் தடுப்பது) ஆரம்பித்துவிடும், அங்கே தலையைக் குனிந்துகொண்டு நடு ஐஸில் போனால் பெரிய அடி விழும். இது ஆட்டத்தைவிட உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, ரெண்டாவது பீரியடில் ப்ளூ லைன் (ஐஸை மூன்று பகுதியாகப் பிரிக்கும் ரெண்டு நீலக் கோடுகளில் ஒன்று) பக்கத்தில் பக்கைப் பறிகொடுத்தபிறகு நிற்காமல் பெரிய வட்டம் அடித்துத் திரும்புகிறான் பாருங்கள். அவன் திரும்பி முடிப்பதற்குள் எதிரணி நம் கோல் முன்னால் நிற்கிறது. சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அது சக்கர ஸ்கேட் பழக்கம். சக்கரத்தில் சட்டென்று நிற்க முடியாது, வளைந்துதான் திரும்ப வேண்டும். ஐஸில் பிளேடைக் குறுக்கே போட்டு அழுத்தினால் பொடி பறக்க நிற்கலாம். அவன் வலது பக்கம் மட்டும்தான் அப்படி நிற்கிறான், இடது பக்கம் ஒரு தடவைகூட இல்லை.

டர்பன் ராத்திரிக்காரன்:
அண்ணா, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து என்எச்எல் (வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) பார்க்கும் ஆள் நான். குள்ளம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் குறைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மார்ட்டின் செயின்ட் லூயி 5 அடி 8 அங்குலம், டிராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) ஒரு அணியும் எடுக்கவில்லை, அவர்தான் 2004-இல் டாம்பா பே அணியோடு லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை வாங்கினார், 2013-இல் 37 வயதில் லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் (கோலும் கோலுக்கு உதவிய பாஸும் சேர்த்து) எடுத்தார். அதே அணியின் பிரைடன் பாயின்டை 2014 டிராஃப்டில் 79-ஆவதாகத்தான் எடுத்தார்கள். ஸ்கேட்டிங் போதாது என்ற பேச்சு இருந்தது. உழைத்து அதைச் சரி செய்துகொண்டார், 2020 பிளேஆஃபில் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்) 14 கோல்.

அதனால் கேப்டவுன் அண்ணா சொன்ன நிற்கிற பழக்கம் கட்டாயம் திருந்தும். திருத்தக் கஷ்டமானது ஆட்டத்தைப் படிக்கிற புத்தி, அது உங்கள் பையனிடம் இருக்கிற மாதிரி தெரிகிறது. எனக்கு உறுத்துவது ஷிஃப்ட் நீளம், அதாவது மாற்று ஆள் வரும்வரை ஒரே மூச்சில் ஐஸில் நிற்கிற நேரம். ஒரு ஷிஃப்ட் 40, 45 வினாடி இருந்தால் போதும், அவன் ஒன்றரை நிமிடம் உள்ளேயே நிற்கிறான். கடைசி அரை நிமிடத்தில் கால் ஓடவில்லை, கை மட்டும் ஆடுகிறது. ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர், அங்கே மூச்சு இன்னும் சீக்கிரம் வாங்கும்.

பிரிட்டோரியா அம்மா:
என் மகளும் ஆடுகிறாள், அதனால் ஒன்று சேர்க்கிறேன். அண்ணா, பையன் எந்த மாதம் பிறந்தான்? ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில்தான் ஆடுகிறார்கள், கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம். வருடக் கடைசிப் பிள்ளை என்றால் இப்போதைய உயரத்தை வைத்து எதுவும் முடிவு பண்ணாதீர்கள்.

அப்புறம் வீடியோவில் அவன் போட்ட ரெண்டு கோலும், கோலி முன்கூட்டியே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டதால் மேல்பக்கம் திறந்து கிடந்த கோல்கள். நல்ல கோலி எழுந்தே நிற்பார், இவன் முதலில் அசையும்வரை காத்திருப்பார். பெரியவர்கள் பயிற்சியில் இவனைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், நேரமும் இடமும் இல்லாதபோது அந்தக் கை என்ன செய்கிறது என்று அங்கேதான் தெரியும்.

லெனேசியா அப்பா:
நவம்பர் பிள்ளை அக்கா. எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்போ முகாம்? ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து என்எச்எல் போன ஓலாஃப் கோல்சிக் பேரைச் சொல்லிச் சொல்லியே பையன் கேட்கிறான்.

கேப்டவுன் டிஃபென்ஸ்:
கோல்சிக் பிறந்தது மட்டும்தான் இங்கே அண்ணா, ஆட்டம் பழகியது கனடாவில். முகாம் அடுத்த வருடம் போகட்டும். அதுவரை வாரத்தில் ஒருநாள் பக் இல்லாமல் இருபது நிமிடம், ஒரு ப்ளூ லைனிலிருந்து அடுத்த ப்ளூ லைன்வரை ஓடி, ஒவ்வொரு தடவையும் இடது பக்கம் பிளேடைப் போட்டு மட்டும் நிற்கச் சொல்லுங்கள். வீட்டில் டென்னிஸ் பந்தை ஸ்டிக்கால் உருட்டிக்கொண்டே நீங்கள் காட்டும் விரல் எத்தனை என்று சொல்லட்டும், தலை நிமிரும். மூன்று மாதம் கழித்து இன்னொரு ஆட்டத்தை முழுசாக எடுத்து அனுப்புங்கள், கோல் மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோ வேண்டாம்.