உபதேசியார் தாத்தாவைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

போன நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று ஏற்காட்டில் எங்கள் உபதேசியார் தாத்தாவின் கல்லறைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்பே ஏழெட்டு மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர் கைகூப்பி நின்றிருந்தார். யார் என்று கேட்பதற்குள் போய்விட்டார். அவரைப் போல இன்னும் எத்தனை பேர் என்று வீட்டுக்கு வந்த பிறகும் மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. தாத்தாவோடு பழகியவர்கள் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

முதலில் நான். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீட்டில் பிறந்தவள். தாத்தா பகலில் காப்பிச் செடிக்குக் கவாத்து அடிப்பார். பொழுது சாய்ந்தால் உபதேசியார். பங்குச்சாமியால், அதாவது பாதிரியாரால், எல்லா எஸ்டேட்டுக்கும் தினமும் வர முடியாது. பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பது, செத்த வீட்டில் செபம் வைப்பது எல்லாம் இவர்தான். சேலம் மறைமாவட்டம் ஏற்பட்ட 1930லேயே தானும் பிறந்ததைப் பெருமையாகச் சொல்வார். சின்ன வயதில் லத்தீன் பூசைக்கு உதவிய பையன். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தபோது, "இனிமே கிழவிங்களுக்கும் சாமி பேசுறது புரியும்" என்று சந்தோஷப்பட்டாராம்.

எனக்கு மறக்காதது அந்தக் கரி வட்டம். கார்த்திகை, மார்கழியில் காப்பிப் பழம் பறிக்கும்போது கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. எங்கள் அம்மாமார் யாருக்கும் தராசு பார்க்கத் தெரியாது. சொன்னதுதான் எடை. ஒரு நாள் செபமாலை முடிந்ததும், திரு இருதயப் படத்துக்குப் பக்கத்துச் சுவரில் அடுப்புக்கரியால் பெரிய வட்டம் ஒன்று போட்டு, சுற்றிலும் கோடு கிழித்தார். "பெரிய கோட்டுக்கு அஞ்சு, சின்னக் கோட்டுக்கு ஒண்ணு. முள் எங்க நிக்குது, சொல்லு." ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கேட்டார். விளக்குமாற்றுக் குச்சிதான் முள். பத்து நாள் நடந்தது இந்தப் பாடம். அப்புறம் ஒரு சாயங்காலம் எடை போடும் இடத்தில் அம்மா வாய் திறந்தாள்: "பதினேழு இல்லைங்க, பத்தொம்பது." கையெழுத்துப் போடத் தெரியாத அம்மா. அன்று ராத்திரி தாத்தாவிடம் அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

*

அந்த விபூதிக்காரர் நான் இல்லை, ஆனால் நானும் அப்படிப்பட்டவன்தான். சேர்வராயன் மலையில் எங்களை மலையாளிகள் என்பார்கள், கேரளாக்காரர்கள் அல்ல, இந்த மலையின் குடிகள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊருக்கு ரோடு கிடையாது. ஒரு மழை ராத்திரியில் அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. மூங்கிலில் போர்வையைக் கட்டி டோலி தயார் செய்தார்கள். தூக்க மூன்று ஆண்கள்தான் இருந்தார்கள். பக்கத்து எஸ்டேட்டில் யாருக்கோ செபம் சொல்லிவிட்டு அந்த வழியாகத் திரும்பிய உபதேசியார், குடையை என் கையில் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்த் தோள் கொடுத்தார். இறக்கத்தில் முன்னால் தூக்குகிறவருக்குத்தான் பாரம் அதிகம். அப்போது அவருக்கு அறுபதை ஒட்டி இருக்கும். என் தங்கை மறுநாள் காலையில் பிறந்தாள்.

வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு சனம் மலை உச்சிக்கு ஏறும்போது, வழியில் தண்ணீர்க் குடங்களோடு உட்கார்ந்திருப்பார். "வேதக்காரர் (கிறிஸ்தவர்) ஏன் நம்ம திருவிழாவுக்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "இந்தக் குடம் காலியாயிடுச்சு, யாராவது ரொப்பிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். கேட்ட பெரியவரே குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

*

சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மாதத்தில் இரண்டு தடவையாவது மலையிலிருந்து வருவார். கையில் மஞ்சப்பை. யாரும் பார்க்க வராத நோயாளி எந்தக் கட்டிலில் என்று எங்களிடம் கேட்டுப் போவார். பழமோ ரொட்டியோ எல்லோரும்தான் கொடுப்பார்கள். இவர் பையிலிருந்து நகவெட்டியை எடுப்பார். மடியில் துண்டை விரித்து, அவர்கள் கையை அதில் வைத்து, விரல் விரலாக நகம் வெட்டுவார். கால் நகமும்தான். மாதக்கணக்கில் படுத்திருப்பவர்களுக்குக் கால் நகம் தடித்துப் போயிருக்கும், வெந்நீர்த் துணி சுற்றி ஊறவைத்துத்தான் வெட்டுவார். வெட்டிக்கொண்டே சொந்த ஊர் எது, வீட்டில் யார் என்று மெல்லக் கேட்பார். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து 15 பைசா கார்டில் அந்த வீட்டுக்கு ஒரு கடிதம். அந்தக் கார்டைப் பார்த்து அலறி அடித்துக்கொண்டு வந்த மகன்களை நான் பார்த்திருக்கிறேன். வராமலே போனவர்களும் உண்டு. அவர்களை அடக்கம் செய்யவும் தாத்தாதான் வந்து நின்றார்.

*

சேலம்–ஏற்காடு பஸ் ஓட்டியவன் நான். எழுத அதிகம் வராது. எப்போதும் என் பின்சீட்டில்தான் உட்காருவார். கீழே இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு ‘அருள் நிறை மரியே’ செபம். இருபது வளைவு, செபமாலையில் பத்துப் பத்து மணியாக இரண்டு வரிசை. அடிவாரம் வந்ததும் செபமாலையை முத்தமிட்டுப் பையில் போடுவார். பனி மூடி எதிரே வண்டி தெரியாத நாளில் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார், எனக்குக் கேட்கட்டும் என்று. நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவன். ஆனாலும் அவர் வராத நாளில் வளைவுகளை நானே எண்ண ஆரம்பித்தேன்.

*

நீங்கள் எழுதியதையெல்லாம் படித்துவிட்டு ரொம்ப நேரம் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். நகவெட்டி விஷயம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சேலத்துக்குப் போகிறேன் என்பார், அவ்வளவுதான். லயன் வீட்டுக்கு அப்புறம் எத்தனையோ தடவை வெள்ளை அடித்துவிட்டார்கள், அந்தக் கரி வட்டமும் போய்விட்டது.

இந்த வருடமும் நவம்பர் 2 காலையில் அங்கே இருப்பேன். டிரைவர் அண்ணா, நர்ஸ் அக்கா, நீங்களும் வாருங்கள். டோலி தூக்கிய மறுநாள் பிறந்த தங்கையை அவசியம் கூட்டிவாருங்கள். தீப்பெட்டியை பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்து வாருங்கள், அந்த மாதத்துப் பனியில் குச்சி நமத்துவிடும்.